ஒப்பரேசனுக்கு முந்திய ஐந்து கிழமை

1

இன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

எண்பத்தொரு வயதுப் பெண் ஒருவர். முழங்கால் மாற்றக் காத்திருக்கிறார்.

பழைய கப்பல்காரர் ஒருவர். இருதய வால்வு.

ஒரு கணவனும் மனைவியும். கணவனுக்குக் குடலில் வெட்ட இருக்கிறது. மனைவி துணைக்கு வருகிறவர்.

இரண்டு ஊன்றுகோலோடு ஒரு வாத்தியார். இடுப்பு.

பயிற்சி கொடுக்கும் பெண்.

நான். வாளி, மொப், துணி.

நோர்வேயில் கடலோரம் உள்ள சிறிய ஆஸ்பத்திரி இது. ஒப்பரேசனுக்கு எழுதிய வயதானவர்களை இங்கே வீட்டில் சும்மா கிடக்க விடுவதில்லை. கிழமையில் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். கதிரையில் இருத்தி எழுப்புவார்கள், நடத்துவார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். உடம்பைத் தேற்றிவிட்டு வெட்டினால் கெதியாக எழும்பலாமாம். அந்த மண்டபத்துக் கதிரைகளைப் பதினாறு வருடமாக நான் துடைக்கிறேன்.

இன்று பயிற்சிப் பெண்ணுக்குத் தொலைபேசி வந்தது. வெளியே போகும்போது என்னைப் பார்த்து, "நீ எண்ணு" என்றார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்ப வேண்டும், இருக்க வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை தரம் என்பதுதான் கணக்கு.

நோர்வே மொழியில் தொடங்கினேன். ஆறு வரைக்கும் சரியாகப் போனது. பிறகு ஏழு, எட்டு, ஒன்பது என்று தமிழில் வந்துவிட்டது. ஒருவரும் நிறுத்தவில்லை. எழும்பி இருந்துகொண்டே இருந்தார்கள்.

முடிந்ததும் கப்பல்காரர் மூச்சு வாங்கியபடி கேட்டார். "உன் ஊர்க் கணக்கில் எனக்குக் கூடவா, குறையவா?"

"இரண்டிலும் ஒன்பதுதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

போன ஆடியில் திருகோணமலையில் இன்னொரு கதிரைக்கு முன்னால் நின்று இப்படித்தான் எண்ணினேன். ஒரு வருடம் ஆகிறது. அதை எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அக்காவின் பெயர் பூரணம். வயது எழுபத்துநான்கு. உள்துறைமுகப் பக்கம் வீடு. அத்தான் இல்லை. மகள் வதனியோடு இருக்கிறார். வதனிக்குப் பள்ளிக்கூடக் கந்தோரில் எழுத்து வேலை.

அக்காவின் இடது இடுப்பு மூட்டுத் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று எழுதினார்கள். மயக்க மருந்து டொக்டர் பார்த்துவிட்டு, இரத்தம் காணாது, நிறை காணாது, தேறிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த முறை போனபோது நிறை இன்னும் குறைந்திருந்தது. மறுபடி திருப்பினார்.

வதனி தொலைபேசியில் சொன்னாள். "மாமா, இது மூண்டாம் தரம். இந்த முறையும் உடம்பு காணாதெண்டா லிஸ்டில இருந்து பேரை எடுத்திடுவினமாம். பிறகு முதல்ல இருந்து தொடங்கோணும். அம்மா அவ்வளவு காலம் தாங்க மாட்டா. இப்பவே கட்டிலோடதான்."

"சாப்பிடுறாவோ?"

"மூண்டு நேரமும் குடுக்கிறன் மாமா. கோப்பை வெறுமையாத்தான் வருது. சாப்பாடு உடம்பில எங்க போகுதெண்டு தெரியேல்லை."

நோயாளியைப் பார்க்கப் போவதற்கு என் வேலை இடத்தில் ஒரு விடுமுறைப் படிவம் உண்டு. தாய், தகப்பன், மனைவி, பிள்ளை என்று நான்கு பெட்டி. அக்காவுக்குப் பெட்டி இல்லை.

எனக்குப் படிவம் நிரப்புகிறவள் மகள். வேறு நகரத்தில் இருக்கிறாள். என்னோடு நோர்வே மொழியில்தான் பேசுவாள். "அம்மா என்று போடுங்கள் அப்பா. அவர்தானே உங்களை வளர்த்தவர்" என்றாள்.

அது ஏலாது. நான் அகதியாக இங்கே வந்த முதல் கிழமை பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தில் அம்மா இறந்துவிட்டார் என்று இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக அந்தத் தாள் அவர்களுடைய அலுமாரியில் இருக்கிறது. செத்தவருக்கு நான் இப்போது எப்படி ஒப்பரேசன் செய்வது?

மகள் சிரித்தாள். பிறகு, "சரி அப்பா, எனக்கு வேலை இருக்கிறது" என்று வைத்துவிட்டாள்.

சொந்த விடுமுறை ஐந்து கிழமை இருந்தது. முழுவதையும் எடுத்தேன்.

3

அக்கா கட்டிலில் கிடந்தார். கை தடி மாதிரி. என்னைப் பார்த்ததும் கேட்டது இது.

"என்னடா தம்பி, இப்பிடி மெலிஞ்சு போனாய். அங்க சாப்பாடு இல்லையோ?"

அவர் முப்பத்தெட்டுக் கிலோ. நான் எண்பத்திரண்டு.

வதனி காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். தண்ணீர், துவாய், ரேடியோ, மூத்திரச் சட்டி, மூடி வைத்த சாப்பாடு. ஒன்றுக்கும் எழும்பத் தேவையில்லை. அவ்வளவு ஒழுங்கு. ஐந்து மாதமாக அக்காவின் கால் நிலத்தில் பட்டது குறைவு.

கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பின்மட்டைக்குள் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. கதிரையில் இருக்கும் கிழவரின் படம். பக்கத்தில் அவர் எழும்பி நிற்கும் படம். கீழே முட்டை, மீன், பயறு, பால். எங்கள் மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அதே படம்தான். இந்தக் கிழவர் மட்டும் இடுப்பில் சாரம் கட்டியிருந்தார்.

பெரிய விசயம் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று பிளேனில் நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அது எனக்கு முன்னமே வீட்டில் இருந்தது.

"இது எப்ப தந்தது?"

"முதல் தரமே தந்தவை. அம்மா நோகுதெண்டு அழுதா. நான் விட்டிட்டன்."

"நாளைக்குத் தொடங்குவம்."

வதனி கொப்பியை என் கையிலிருந்து வாங்கினாள். "வெளிநாட்டில இருந்து வாற எல்லாருக்கும் ஒரு திட்டம் இருக்கும். நீங்கள் அஞ்சு கிழமையில பிளேன் ஏறிடுவீங்கள். அம்மா விழுந்து மற்றக் காலையும் முறிச்சா ஆர் பாக்கிறது, மாமா?"

"விழாமல் நான் பிடிக்கிறன்."

"ஓம். அஞ்சு கிழமைக்குப் பிடிப்பீங்கள்."

அவள் சொன்னது சரி. ஆனாலும் தொடங்கினேன்.

பிளாஸ்ரிக் கதிரை வழுக்கும். விறாந்தையில் இருந்த மரக் கதிரையைச் சுவரோடு வைத்தேன். மேலே இரண்டு தலையணை. முதல் நாள் அக்கா கைப்பிடியை அழுத்தி மூன்று தரம் எழும்பினார். நான்காம் தரம் ஏலவில்லை.

"துறைமுகத்தில மூட்டை தூக்கின புத்தி உனக்குப் போகேல்லை. என்னையும் மூட்டை எண்டு நினைச்சியோ?"

"மூட்டை ஏசாது அக்கா."

பத்து நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் ஓட்டோ பிடித்து மருந்துக்கடைத் தராசில் ஏற்றினேன். அரைக் கிலோ குறைந்திருந்தது.

4

எங்கள் மண்டபத்துக்கு வரும் வாத்தியார் பொய் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், எல்லாம் சாப்பிட்டேன், எல்லாம் நன்றாக இருந்தது என்பார். முதலில் பயிற்சிப் பெண்ணும் நம்பினார். கதிரை துடைத்துக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியும். உண்மையாகச் சாப்பிட்டவர் ஏதாவது குறை சொல்வார். பால் புளித்தது, பாண் காய்ந்தது, முட்டை வேகவில்லை.

அக்கா வதனியின் சமையலில் ஒரு குறையும் சொல்லவில்லை. என் அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. நான் சின்ன வயதில் வாங்கி வந்த மீனில் ஒன்றையாவது அவர் நல்லது என்று சொன்னதில்லை.

அதோடு, சாப்பாட்டு நேரம் வந்தால் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார். "ஆரும் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது. போய் வெத்திலை வாங்கிக்கொண்டு வா."

பன்னிரண்டாம் நாள் காலை வதனி வேலைக்குப் போய்விட்டாள். நானும் கடைக்கென்று படலையைத் திறந்து சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

எங்கள் ஊரில் தெருவில் மாடு திரிவதுபோல மானும் திரியும். புள்ளிமான். சந்தைக் கழிவும் தின்னும், வேலிப் பூவும் தின்னும். அக்காவின் கட்டிலை ஒட்டிய யன்னலுக்கு வெளியே மூன்று நின்றன. சங்கக்கடை வரிசையில் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யன்னல் கம்பிக்குள்ளால் ஒரு மெலிந்த கை வெளியே வந்தது. கையில் பிட்டு. ஒன்று தின்று விலக, மற்றது வந்தது. கடைசியில் அவித்த முட்டை யன்னல் விளிம்பில் வைக்கப்பட்டது. அதற்கென்று ஒரு காகம் இருந்தது.

நான் யன்னலுக்கு நேரே போய் நின்றேன். அக்கா கையை உள்ளே இழுக்கவில்லை.

"வதனிக்குச் சொல்லாதை" என்றார்.

5

அக்கா விரதம் பிடித்திருந்தார். ஒப்பரேசன் நல்லபடி முடியுமட்டும் ஒருநேரச் சோறு. கறி இல்லாமல், உப்பு இல்லாமல். மலையில் இருக்கும் சிவன், கோணேசருக்கு நேர்ந்தது. நேரும்போது இரண்டு மாதத்தில் எல்லாம் முடியும் என்று நினைத்திருந்தார். ஒப்பரேசன் தள்ளிப்போகப் போக விரதமும் நீண்டது. ஏழு மாதம்.

"அக்கா, அதாலதான் உங்களைத் திருப்பி அனுப்புறாங்கள்."

"விசர்க் கதை கதையாதை. நீ வெளிக்கிட்டுப் போகேக்குள்ள அஞ்சு மாசம் காயிதம் இல்லை. அப்பவும் இதைத்தான் பிடிச்சனான். நீ போய்ச் சேரேல்லையோ?"

அந்த ஐந்து மாதம் நான் எங்கெங்கே கிடந்தேன் என்பதை அக்காவுக்குச் சொன்னதில்லை. என்னோடு புறப்பட்டவர்களில் வந்து சேராதவர்களும் உண்டு. நான் சேர்ந்தேன். அவருடைய விரதம் பலித்ததற்குச் சாட்சி நான்தான். கட்டில் விளிம்பில் இருந்தேன்.

அப்போது சுபைதா ராத்தா தயிர்ச்சட்டியோடு உள்ளே வந்தார். பக்கத்து வீடு. கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்தவர். கிழமைக்கு ஒருதரம் ஊரிலிருந்து எருமைத் தயிர் வரும். அதில் ஒரு சட்டி அக்காவுக்கு.

எங்கள் முகத்தைப் பார்த்தார். "மான் விசயம் புடிபட்டுட்டா? நானும் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கன். இந்தத் தெரு மானுக்கு மட்டும் உடம்பு நல்லா வெச்சிரிக்கி. அதுக்கு ஒப்பரேசன் செய்யலாம்."

நான் விரதத்தைச் சொன்னேன். ராத்தா சட்டியைக் கீழே வைத்தார்.

"வருத்தக்காரருக்கு என்னக்கா நோன்பு? எங்கட ஆக்கள் வருத்தமெண்டா விட்டுட்டு, சொகமான பொறகு விட்ட நாளை எண்ணிப் புடிச்சுக் குடுப்பம்."

"அது உங்கட ஆக்களுக்கு. எங்களுக்குச் சொன்னாச் சொன்னதுதான்."

"சரி. கிளினிக்கு உங்களத் தள்ளிப் போடுது. டொக்டர் தள்ளிப் போடுறார். எல்லாருக்கும் பொறுத்துக்கிட்டுத்தானே இரிக்கீங்க. ஒருக்கா நீங்க அவரத் தள்ளிப் போடுங்களேன். கோவிக்கவா போறார்?"

அக்கா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"என்னெண்டு சொல்லுறது? ஆறு கிழமை கழிச்சு வாங்கோ எண்டு துண்டு எழுதிக் குடுக்கிறதோ?"

"ஓம். அதே துண்டுதான்."

அக்கா சிரித்தார். நான் வந்து பன்னிரண்டு நாளில் முதல் தரம். சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டார். ஆனால் முட்டையைத் தொடவில்லை. கோணேசரிடம் ஆள் போய்ச் சொல்லிவிட்டு வந்தபின்தான் தொடுவாராம்.

அதனால் நான் போனேன். வெயிலில் மலை ஏறி, வரிசையில் நின்றேன். எனக்கு மந்திரம் தெரியாது. பூரணம் அக்கா கொஞ்சம் பொறுக்கச் சொல்லுறா, எழும்பி நடந்த பிறகு மிச்சத்தைப் பிடிப்பா என்று மனதுக்குள் சொன்னேன். ஐயர் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார். அக்காவின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது பின்னேரம். "சொன்னனியோ?" என்று அக்கா கேட்டார். "ஓம்" என்றேன். தயிரில் சீனி போட்டுச் சாப்பிட்டார். பிறகு முட்டை. பாதி முட்டையில் நிறுத்தி, "உப்புக் காணாது" என்றார்.

நான் போய் உப்பு எடுத்து வந்தேன்.

வதனிக்கு நானே சொன்னேன். அவள் வேலைப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் நின்று கேட்டாள். "ஏழு மாசமா நான் மானுக்கோ சமைச்சனான்?" என்றாள். அறைக்குள் போய் யன்னலைச் சாத்திக் கொழுக்கி போட்டாள்.

6

மண்டபத்தில் கணவனும் மனைவியும் என்று முதலில் எழுதினேன். கணவன் கைதவறித் துவாயை விட்டால் மனைவி எடுக்கக் குனிவார். பயிற்சிப் பெண் அவருடைய கையை மெல்லப் பிடித்துக்கொள்வார். கணவன் தானே குனிந்து எடுக்குமட்டும் விட மாட்டார். மனைவியின் முகம் அந்த நேரம் வேறு மாதிரி இருக்கும். வதனியின் முகத்திலும் அதைப் பார்த்தேன்.

மூன்றாம் கிழமை தண்ணீர்ப் போத்தலைக் கட்டிலிலிருந்து மேசைக்கு மாற்றினேன். பிறகு மேசையிலிருந்து குசினிக்கு. வதனி குசினி வாசலில் நின்று பார்ப்பாள். அக்கா தடியை ஊன்றி, ஏசி ஏசி வருவார். யாரை ஏசுகிறார் என்று கேட்கக்கூடாது.

மூன்றாம் கிழமை முடிய, கை வைக்காமல் இரண்டு தரம் எழும்பினார். நான்காம் கிழமை ஐந்து.

அந்தக் கிழமை ஒரு காலை நான் எழும்ப முன்னமே அக்காவின் அறையில் சத்தம் கேட்டது. "மூண்டு. நாலு. இன்னும் ஒண்டு அம்மா." வதனி வேலைக்குப் போகும் சேலையோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தாயைத் தொடாமல் பக்கத்தில் இருந்தன. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என் மகள் ஒருநாள் வீடியோவில் வந்தாள். கஷ்டப்பட்டு இரண்டு வசனம் சொன்னாள். சுகமா மாமி, நல்லாச் சாப்பிடுங்கோ என்று. அக்கா திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"வடிவான பிள்ளை. என்ன பாசையில கதைக்கிறா?"

"தமிழிலதான் அக்கா."

"அப்பிடியோ?" என்றார். பிறகு திரையைப் பார்த்து, மெல்ல, சத்தமாக, "ஓம் பிள்ளை. சாப்பிடுறன்" என்றார்.

கிளினிக் புதன்கிழமையில். ஐந்தாம் கிழமைப் புதன் அக்காவைக் காட்டிவிட்டு, வியாழன் பிளேன் ஏறுவது என்று கணக்குப் போட்டு ரிக்கெற் எடுத்திருந்தேன். ஐந்தாம் கிழமை தொடங்கும்போது வதனி கலண்டரைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தப் புதன் சிவப்பாக இருந்தது. போயா, பௌர்ணமி விடுமுறை. கிளினிக் இல்லை. அடுத்த புதன்தான்.

ஊரில் பிறந்தவன் போயாவைப் பார்க்காமல் நாள் குறிக்க மாட்டான். நான் முப்பத்தொரு வருடம் போயா இல்லாத நாட்டில் இருந்துவிட்டேன்.

வேலை இடத்துக்குத் தொலைபேசி எடுத்து இன்னும் ஒரு கிழமை கேட்டேன். இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வதனியிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழன் என்னை விமான நிலையத்துக்கு ஏற்ற வான் வந்தது. அக்கா விறாந்தையில் மரக் கதிரையில் இருந்தார். கையை எடுத்து நெஞ்சில் கட்டினார். எழும்பினார்.

"போ. நேரம் போகுது."

"போயிட்டு வாறன் அக்கா."

"அங்க ஒழுங்காச் சாப்பிடு" என்றார்.

7

அடுத்த புதன் மயக்க மருந்து டொக்டர் அக்காவைப் பார்த்தார். நாற்பத்தொரு கிலோ. இரத்தம் போதும் என்றாராம். கதிரையிலிருந்து எழும்பச் சொன்னாராம். வதனி அனுப்பிய செய்தி ஒரே வரி. "ஓம் எண்டிட்டார் மாமா."

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு ஒப்பரேசன். அன்று நான் வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது? தாழ்வாரத்தை இரண்டு தரம் துடைத்தேன். முடிந்தது, கண் விழித்துவிட்டார் என்று வதனி தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அங்கே பின்னேரம். ஆனால் நடந்தால்தான் முடிந்த மாதிரி. வெட்டியபின் எழும்பாமல் கட்டிலோடு போனவர்களையும் என் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கட்டிலையும் நான்தான் துடைக்கிறேன்.

இரண்டு நாள் வதனி கூட நின்றாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் லீவு கொடுக்கவில்லை. சுபைதா ராத்தா போய் நின்றார்.

நான் மண்டபத்தில் கதிரை துடைத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. தொலைபேசி அடித்தது. ராத்தாவின் இலக்கம். துணியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன்.

"தம்பி, நடந்திட்டா."

நான் ஒரு கதிரையில் இருந்தேன். துப்புரவு வேலைக்காரர் அந்தக் கதிரைகளில் இருப்பதில்லை.

"எங்க மட்டும் ராத்தா?"

"கட்டில்ல இரிந்து வாட்டுக் கதவு மட்டும். நாலு கால் கம்பியப் புடிச்சுக்கிட்டு. நேர்ஸ் மிஸ் பக்கத்துல வந்தா. தொடல்ல."

"அழுதவவோ?"

"அழுறதா? ஏசினா. உங்களத்தான் ஏசினா. நல்ல சத்தமா. முழு வாட்டும் கேட்டிச்சி."

"எண்ணினீங்களோ?"

"எண்ணாம? அவ என்னைய எண்ணச் சொல்லிட்டுத்தான் முதல் காலையே வெச்சா. தம்பி கேப்பான், ஒழுங்கா எண்ணுங்கோ எண்டா."

"எத்தனை அடி?"

ராத்தா சொன்னார்.

இருபத்துமூன்று.